தூவிய புல்விதை திட்டுத்திட்டாக மட்டும் முளைப்பது ஏன்? தரை முழுவதும் பச்சையாக மூட என்ன செய்ய வேண்டும்?

இரண்டு முறை விதை வாங்கித் தூவி, நாள்தோறும் தண்ணீர் விட்டும், ஆங்காங்கே திட்டாகப் புல் வந்ததே தவிரத் தரை மூடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விதை மட்டமானதா, மண் சரியில்லையா என்பது உங்கள் ஐயம். நானும் இதே நிலையில் நின்றிருக்கிறேன். முதல் இரு முறையும் விதையின் மேல்தான் பழி போட்டேன். மூன்றாம் முறை, முளைக்காத இடத்தில் மண்ணை விரலால் கிளறிப் பார்த்தபோது காரணம் கண்ணெதிரே கிடந்தது. அந்த விதைகள் முளைக்காமல் இருக்கவில்லை. ஓட்டைப் பிளந்து, மயிரிழை போன்ற வெள்ளை வேரைச் சிறிதளவு நீட்டிய பிறகு, அந்த நிலையிலேயே காய்ந்து போயிருந்தன.

உலர்ந்த விதை எவ்வளவோ காலம் பொறுமையாகக் காத்திருக்கும். நீரை உறிஞ்சி உப்பிய தொடக்க நேரத்தில் ஒருமுறை காய நேர்ந்தாலும் பல விதைகள் தாங்கிக்கொள்ளும். ஆனால் முளைவேர் ஓட்டை விட்டு வெளியே வந்த பிறகு அந்தத் தாங்கும் திறன் போய்விடுகிறது. அப்போது மேல்மண் ஒரு நண்பகல் முழுதும் காய்ந்து கிடந்தால் அந்த விதை இறந்துவிடும், மாலையில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் மீளாது. ஆகவே, நாளுக்கு ஒருமுறை நிறையத் தண்ணீர் விட்டேன் என்று நீங்கள் சொல்வதுதான், என் கணிப்பில், தோல்விக்கு முதற்காரணம். வேண்டியது நிறையத் தண்ணீர் அன்று, இடைவிடாத ஈரம். மேலே உள்ள ஒரு சென்டிமீட்டர் மண் எந்நேரமும் பிழிந்த துணியைப் போல ஈரமாக இருக்க வேண்டும். இதற்கு நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை, வெயிலும் காற்றும் கடுமையாக இருந்தால் நான்கு முறை, மெல்லிய தூறலாகத் தெளிக்க வேண்டும். மண்ணின் நிறம் வெளிறத் தொடங்குவதே அடுத்த தெளிப்புக்கான அடையாளம். கடிகாரத்தைவிட அதை நம்புங்கள். குழாயை நேரடியாகப் பாய்ச்சினால் விதை மிதந்து பள்ளமான இடங்களில் குவிந்துவிடும். உங்கள் தரையில் திட்டுகளுக்குள் புல் மிக அடர்த்தியாகவும் சுற்றிலும் வெறுமையாகவும் இருக்குமானால், விதை நீரோடு நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

இந்தக் கவனிப்பை எத்தனை நாள் தொடர்வது என்பது புல்லின் வகையைப் பொறுத்தது. ரைகிராஸ் 5 முதல் 10 நாளிலும், டால் ஃபெஸ்க்யூ ஏறத்தாழ 7 முதல் 14 நாளிலும் முளைத்துவிடும். அருகம்புல் இனமான பெர்முடா நல்ல வெப்பத்தில் ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்திற்குள் வெளிவரும். கென்டக்கி புளூகிராஸோ 14 முதல் 30 நாள் வரை எடுத்துக்கொள்ளும். கலப்பு விதை வாங்குவோர் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். முதல் வாரத்தில் ரைகிராஸ் தலைகாட்டியதும், விதைப்பு வெற்றி என்று கருதித் தெளிப்பைக் குறைத்துவிடுகிறார்கள்; அதே மண்ணில் அப்போதுதான் வேர் நீட்டிக்கொண்டிருக்கும் புளூகிராஸ் யாரும் அறியாமல் மடிந்துபோகிறது. உறையில் எழுதியுள்ள வகைகளில் மிகத் தாமதமாக முளைப்பது எதுவோ, அதன் நாட்கணக்கையே நீங்கள் பின்பற்ற வேண்டும்.

மண்ணைப் பதப்படுத்துவதன் நோக்கமும் இந்த ஈரத்தைக் காப்பதுதான். கட்டியான மண்ணின் மேலோ பழைய புல்லின் சருகின் மேலோ கிடக்கும் விதையைச் சுற்றி நாற்புறமும் காற்றே இருக்கும். அதற்கு மண்ணின் ஈரம் எட்டாது. எனவே 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழம் கொத்திக் கல்லையும் வேரையும் பொறுக்கி, மட்கிய உரம் கலந்து, மேடு பள்ளம் இல்லாமல் வாரி விடுங்கள். மாவுபோல நைந்த புழுதியாக்கிவிடாதீர்கள். அது முதல் நீரில் படிந்து, காய்ந்ததும் ஓடுபோல இறுகிவிடும். பயறு அளவுச் சிறு கட்டிகள் இருப்பதே நல்லது, அவற்றின் இடுக்கில் விதை இறங்கித் தங்கும். பிறகு மிதித்தோ உருளை கொண்டோ அழுத்துங்கள். நடந்தால் காலடி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அழுந்தாத அளவு உறுதி போதும்.

ஒரு பொறுமையான வேலையை இங்கே வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பதப்படுத்திய தரையில் உடனே விதைக்காமல், தண்ணீர் மட்டும் தெளித்து இரண்டு வாரம் காத்திருங்கள். மேல்மண்ணில் உறங்கிய களை விதைகள் முளைத்து வரும். மண்ணை ஆழமாகப் புரட்டாமல் அவற்றை மேலோடு சுரண்டி எடுத்துவிட்டு அதன் பிறகு விதையுங்கள். இளம் புல்லுக்கு நடுவே களை பறிப்பது மிகக் கடினம், பறிக்கும்போது புல்லும் கூடவே வந்துவிடும். களை முளைக்காமல் தடுக்கும் மருந்தை அண்மையில் தெளித்திருந்தால், அது நீங்கள் தூவும் புல்விதையையும் தடுக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. எத்தனை வாரம் கழித்து விதைக்கலாம் என்பது அந்த மருந்தின் உறையிலேயே இருக்கும்.

விதை வாங்கும்போது உறையில் உள்ள புறத்தூய்மை (குப்பையும் வேற்று விதையும் நீங்கலாக, அந்த வகை விதையின் பங்கு), முளைப்புத் திறன், சோதித்த நாள் ஆகிய மூன்றையும் படியுங்கள். புறத்தூய்மை 90 விழுக்காடு, முளைப்புத் திறன் 80 விழுக்காடு என்றால், 100 கிராமில் உயிருள்ள நல்ல விதை 72 கிராம்தான். மேற்பூச்சு பூசிய விதையில் எடையின் பெரும்பங்கு பூச்சாகவே இருக்கலாம் என்பதால் அதற்கேற்பக் கூட்டிக் கணக்கிட வேண்டும். கையில் பழைய விதை இருந்தால் 100 விதையை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வைத்து, அந்த வகை முளைக்க வேண்டிய நாள் கடந்ததும் எண்ணிப் பார்த்துவிடுங்கள். வெயில் நன்றாக விழும் இடத்திற்கே பெர்முடா ஏற்றது. நிழலில் அது மெலிந்து தேய்ந்துவிடும். பெர்முடாவின் கலப்பின வகைகள் சில மலடு. அவற்றைத் தண்டாகவோ புல் பத்தையாகவோதான் நட முடியும்.

சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது விதையின் பருமனைப் பொறுத்து மாறும். ஒரு கிராம் ரைகிராஸில் ஏறத்தாழ 500 விதைகள் இருக்கும், ஒரு கிராம் புளூகிராஸில் 3,000 அளவுக்கு இருக்கும். அதனால்தான் ரைகிராஸுக்கும் டால் ஃபெஸ்க்யூவுக்கும் 30 முதல் 40 கிராம் தேவைப்படும் இடத்தில், புளூகிராஸுக்கு 10 முதல் 15 கிராமும், உமி நீக்கிய பெர்முடாவுக்கு 5 முதல் 10 கிராமும் போதுமானவை. முதல் முறை தோற்றவர்கள் அடுத்த முறை இரு மடங்கு தூவுவது வழக்கம். நானும் அதைச் செய்தேன். நெருக்கமாக வந்த நாற்றுகள் ஒளிக்கும் நீருக்கும் போட்டியிட்டு மெலிந்து, நாற்றழுகல் நோய் கண்டு ஒரே வாரத்தில் கொத்தாகச் சாய்ந்தன. அளவை மீறாதீர்கள்.

விதையை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கை நீளவாட்டிலும் மறுபங்கை அகலவாட்டிலும் தூவினால் விடுபட்ட இடம் குறையும். மிகச் சிறிய விதையோடு உலர்ந்த மணலைக் கலந்துகொண்டால் கைக்கு அடங்கும். பின்னர் வாரியின் பின்புறத்தால் மெல்ல இழுத்து, விதை 5 மில்லிமீட்டருக்கு மேல் புதையாதபடி மூடி, மறுபடியும் ஒருமுறை அழுத்துங்கள். சலித்த மட்கு உரத்தை மெல்லிய போர்வையாகத் தூவுவதையே நான் பரிந்துரைப்பேன். அது ஈரத்தைக் காப்பதோடு, பறவைகளின் கண்ணிலிருந்தும் விதையை ஓரளவு மறைக்கும். வைக்கோல் இடுவதாயின், இடையே மண் பாதியாவது தெரியும்படி பரப்ப வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் பருவம் தவறினால் பயனில்லை. ரைகிராஸ், ஃபெஸ்க்யூ, புளூகிராஸ் போன்ற குளிர்நிலைப் புற்களுக்கு மண்ணின் வெப்பம் 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றது. கோடையின் கடுமை தணிந்த இலையுதிர் காலத் தொடக்கம் அவற்றுக்கு மிகப் பொருத்தம், மண்ணில் சூடு மிச்சம் இருக்கும், களைகளின் வேகம் குறைந்திருக்கும். பெர்முடா போன்ற வெப்பநிலைப் புற்களுக்கு மண் 20 டிகிரியைத் தாண்டி நிலைத்த பிறகே விதைக்க வேண்டும்.

முழுதும் முளைத்தபின் தெளிப்பின் எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் நீர் ஆழமாக இறங்கும்படி விடுங்கள். வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். முதல் வெட்டுக்கு அவசரம் வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் கூடாது. 5 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்திருக்க நினைத்தால், புல் 7 சென்டிமீட்டரை ஒட்டி வளர்ந்ததும், மண் காய்ந்திருக்கும் வேளையில், கூர்மையான கத்தியால் வெட்டுங்கள். மழுங்கிய கத்தி இளம் நாற்றை வேரோடு பிடுங்கிவிடும். உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் ஒரே முறையில் எடுக்காதீர்கள். மூன்று, நான்கு முறை வெட்டிய பிறகுதான் களைக்கொல்லியைப் பற்றி எண்ண வேண்டும்.

உங்கள் தரையில் பாதிக்கு மேல் நல்ல புல் இருந்தால் எல்லாவற்றையும் கொத்திப் போட வேண்டாம். வெறுமையான திட்டுகளை மட்டும் சுரண்டி, மண்ணை இரண்டு மூன்று சென்டிமீட்டர் இளக்கி, ஏற்கெனவே உள்ள அதே வகை விதையைத் தூவி அழுத்தி, மேலே மட்கு உரம் இடுங்கள். சுற்றியுள்ள புல்லைக் குட்டையாக வெட்டி வைத்தால் இளம் நாற்றுக்கு ஒளி கிடைக்கும். அதற்கு முன், இப்போதே ஒரு திட்டின் ஓரத்தில் மண்ணைக் கிளறிப் பாருங்கள். காய்ந்த வெள்ளை வேரோடு விதைகள் தென்பட்டால் ஈரம்தான் தவறியது. முளைக்காத முழு விதையாகக் கிடந்தால் ஈரத்துணிச் சோதனையைச் செய்யுங்கள். விதையே இல்லையென்றால் நீரோ பறவையோ கொண்டுபோயிருக்கிறது. எது தெரிந்தது என்பதைப் புல்லின் வகையோடு சேர்த்து எழுதினால், அடுத்து எதைத் திருத்துவது என்று சொல்கிறேன்.