எந்த ஆப்பிளும் ஆகுமா?

கேள்வி: மாவுக்குள் ஆப்பிள் துண்டுகளை வைத்துச் சுடும் ‘ஆப்பிள் பை’ (pie) செய்முறைகளில் இந்த ரகம்தான் வேண்டும், அந்த ரகம் கூடாது என்று எழுதுகிறார்கள். சர்க்கரையும் பட்டைத்தூளும் சேர்த்து ஓவனில் வைத்துவிட்டால் எல்லா ஆப்பிளும் ஒன்றுதானே? கடையில் நல்ல சிவப்பாகவும் இனிப்பாகவும் இருப்பதை வாங்கினால் போதாதா?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: போதாது. நீங்கள் நம்பும் சிவப்பும் இனிப்பும் பைக்குச் சிறிதும் உதவாத குணங்கள். சிவப்பு, தோலைச் சீவும்போதே போய்விடுகிறது. இனிப்பை ஒரு கரண்டிச் சர்க்கரை ஈடுசெய்துவிடும். புளிப்பும், வெந்த பிறகும் துண்டு துண்டாக நிற்கும் சதையும் பழத்திலேயே இருந்தாக வேண்டும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஹயாட் என்பவரின் தோட்டத்தில் தோன்றி, பின்னர் இமாசலப் பிரதேசத்து மலைச்சரிவுகள்வரை பரவிய ரெட் டெலிஷியஸ், பச்சையாகத் தின்பதற்கென்றே வளர்க்கப்படும் பழம். புளிப்புக் குறைந்த அந்தப் பழம் ஓவனில் குழைந்து, பட்டையின் மணத்தைத் தவிர வேறு சுவையற்ற கூழாகிவிடும்.

அப்படியானால் புளிப்பான பழம் எதுவானாலும் சரிதானே என்று அடுத்து கேட்பீர்கள். அதுவும் சரியில்லை. இங்கிலாந்தின் சவுத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற பெண் 1809இல் ஊன்றிய விதையிலிருந்து வளர்ந்த மரத்தின் வழிவந்தது பிராம்லி. பின்னாளில் அந்த வீட்டை வாங்கிய பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர், ஒட்டுக்கு மரத்தின் கிளை கேட்டு வந்த நாற்றுப்பண்ணைக்காரரிடம் தம் பெயரையே பழத்துக்கு வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட, நட்டு வளர்த்தவரின் பெயர் பழத்தில் இல்லாமலே போயிற்று. இது எனக்கு இன்றும் உறுத்தலான செய்தி. பிராம்லி கடும் புளிப்பு. வெந்தால் நுரைபோல் உடைந்து மென்மையாகிவிடும். மேலே மட்டும் மாவு மூடிய ஆங்கிலேயப் பைக்கு அந்தக் குழைவுதான் அழகு. ஆஸ்திரேலியாவில் சிட்னியை அடுத்த ஈஸ்ட்வுட்டில் 1868 வாக்கில் மரியா ஆன் ஸ்மித் தோட்டத்தில் கண்டெடுக்கப்பட்ட கிரானி ஸ்மித்தும் புளிப்புதான். ஆனால் அதன் துண்டுகள் வெந்தும் வடிவம் மாறாமல் நிற்கும். கீழும் மேலும் மாவு வைத்து, கத்தியால் வெட்டி எடுக்கும் அமெரிக்கப் பைக்கு அதுவே தகும். ஆகவே எந்த நாட்டுப் பை என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதன் பிறகு பழத்தைத் தேடுங்கள்.

பழத்தின் செல்களை ஒட்டிவைக்கும் பெக்டின் சூட்டில் எவ்வளவு விரைவாகக் கரைகிறது என்பது ரகத்துக்கு ரகம் வேறுபடுகிறது. நறுக்கிய துண்டுகளை 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சிறிது நேரம் வைத்திருந்தால், பழத்திலுள்ள நொதியொன்று பெக்டினைக் கால்சியத்தோடு பிணைய வைத்து உறுதிப்படுத்தும். அதன் பிறகு ஓவனில் வைத்தாலும் துண்டுகள் எளிதில் குழைவதில்லை.

நீங்கள் வாங்க வேண்டியது நம் கடைகளில் பச்சை ஆப்பிள் என்று விற்கப்படும் கிரானி ஸ்மித். மஞ்சள் நிறத்துக் கோல்டன் டெலிஷியஸ் கிடைத்தால் அதையும் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். புளிப்போடு மணமும் சேரும். குளிர்கிடங்கில் நெடுநாள் கிடந்து மாவுபோலாகிவிட்ட பழம் எந்த ரகமானாலும் வேண்டாம். கடைக்காரர் சொல்லும் ரகத்தில் ஐயம் இருந்தால், ஒரு துண்டை மட்டும் மூடிய வாணலியில் பத்து நிமிடம் வேகவைத்துப் பார்த்துவிட்டு மாவு பிசையுங்கள்.