கிறிஸ்தவ இறையியலும் மெட்டாபிசிக்ஸும் படித்துப் பேராசிரியராக முடியுமா?

முடியும். ஆனால் எந்த வாசலில் நுழையப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அதைச் செய்யாமல் நாலைந்து வருடம் அலைந்தவன் நான்.

நம் நாட்டில் இறையியல் வேலை பெரும்பாலும் திருச்சபைகள் நடத்தும் இறையியல் கல்லூரிகளில்தான் இருக்கிறது. புராட்டஸ்டண்ட் பக்கம் பி.டி. (இறையியல் இளங்கலை), எம்.டிஎச். (இறையியல் முதுகலை) என்று போகும். பெரும்பாலான கல்லூரிகளுக்குப் பட்டம் செராம்பூரிலிருந்து வரும். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்த ஊர் அது. 1818-இல் ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரியும் அவர் கூட்டாளிகளும் கல்லூரி தொடங்கினார்கள். 1827-இல் டென்மார்க் அரசர் பட்டம் வழங்கும் உரிமையைக் கொடுத்தார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்தவர் வீட்டுச் சுவரில் வங்காளத்துப் பட்டம் தொங்குவதன் கதை இதுதான்.

மெட்டாபிசிக்ஸ் என்பது 'இருப்பது என்றால் என்ன' என்று கேட்கும் தத்துவப் பிரிவு. அதற்கான வேலை தத்துவத் துறைகளில். அங்கே நெட் (உதவிப் பேராசிரியருக்கான தேசியத் தகுதித் தேர்வு) கேட்பார்கள். நெட் பாடப் பட்டியலில் தத்துவம் உண்டு, சமயங்களின் ஒப்பாய்வு உண்டு. கிறிஸ்தவ இறையியல் என்று தனியாக எதுவும் இல்லை. எம்.டிஎச். சான்றிதழோடு ஒரு கலைக் கல்லூரி நேர்காணலுக்குப் போனேன். "இது பாஸ்டர் படிப்பாச்சே தம்பி" என்று ஃபைலை மூடிவிட்டார்கள். அப்புறம் அஞ்சல் வழியில் எம்.ஏ. தத்துவம், இரண்டாவது முயற்சியில் நெட். அதெல்லாம் முடிந்து கடைசியில் வேலை கிடைத்ததோ இறையியல் கல்லூரியில்!

சம்பளம் சுமார்தான். குடியிருக்க வீடு தருவார்கள். குருப்பட்டம் பெற்றவராக இருந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள்: நீங்கள் திருமண்டலத்தின் (பேராயரின் கீழுள்ள சபை வட்டாரத்தின்) ஆள், கல்லூரியின் ஆள் இல்லை. பாதிப் பருவத்தில் என்னைச் சபை ஊழியத்துக்கு மாற்றினார்கள். மூன்று வருடம் ஞாயிறு ஆராதனை, கல்யாணம், அடக்கம். திரும்பி வந்தபோது கிரேக்கம் பாதி மறந்திருந்தது.

ஏன் இன்னும் இருக்கிறேன் என்றால், ஒரு வகுப்பைச் சொல்கிறேன். நற்கருணை பற்றிய கத்தோலிக்க விளக்கம். பூசையில் அப்பத்தின் உட்பொருள் கிறிஸ்துவின் உடலாக மாறுகிறது. நிறம், சுவை, எடை அப்படியே இருக்கின்றன. அரிஸ்டாட்டில் பொருளையும் பண்பையும் பிரித்ததை வைத்து, 13-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் அக்வினாஸ் இதை விளக்கினார் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன்: "ஐயா, எங்க தாத்தா சைவ சித்தாந்த வகுப்புக்குப் போவார். குணத்தை எல்லாம் எடுத்துட்டா குணி எங்கடா இருக்கும்னு கேப்பார்."

சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டேன். பையன் தொட்டது பழைய வழக்கு. குணம் வேறு, அதைத் தாங்கும் பொருளாகிய குணி வேறு என்பவர்கள் தார்க்கிகர்கள், அதாவது நியாய-வைசேஷிகத் தத்துவக்காரர்கள். குணத்தை விட்டுக் குணி தனியே நிற்பதைச் சித்தாந்தம் ஒப்புக்கொள்வதில்லை. அந்தக் கட்சியில் நின்று பார்த்தால், "சுவை இருக்கிறது, பொருள் மாறிவிட்டது" என்ற வாக்கியத்தையே சொல்ல முடியாது. தார்க்கிகரோடு நின்றால், அக்வினாஸுக்கு ஓர் இடம் கிடைக்கிறது. அதாவது, அரிஸ்டாட்டில் இல்லாமலேயே அதே சண்டையைத் தமிழில் போடலாம். என் முனைவர் பட்டத் தலைப்பு அந்த மதியம் பிறந்தது.

இப்படி இரண்டு பக்கமும் கால் வைத்தவர்கள் முன்பே உண்டு. பாளையங்கோட்டையில் 1891-இல் பிறந்த ஏ.ஜே. அப்பாசாமி, யோவான் நற்செய்தியின் அனுபூதியைப் பக்தி இலக்கியத்தோடு வைத்து ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டம் வாங்கினார். பிற்பாடு கோயம்புத்தூரில் பேராயர் ஆனார்.

உங்களுக்கு என் யோசனை: முதலில் எம்.ஏ. தத்துவமும் நெட்டும், அதன் பிறகு பி.டி. நான் போனதற்கு நேர் எதிர் வரிசை. கிரேக்கமும் எபிரேயமும் கல்லூரியில் எப்படியும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். சைவ சித்தாந்தத்துக்கு உரை எழுதிய சிவஞான முனிவரை மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள், அதற்கு அந்தத் தாத்தா மாதிரி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். நான் பையனோடு அவர் வீட்டுக்கே போனேன். திண்ணையில் உட்கார வைத்து, காபி கொடுத்துவிட்டு, "முதல்ல உங்க அப்பம் என்னன்னு சொல்லுங்க" என்றார்.