பாலக்கோட்டில் கோஸ் பூக்குமா?

கேள்வி: பாலக்கோட்டில் வீட்டுக்குப் பின்னால் கோல்டன் ஏக்கர் கோஸ் போட்டேன். நன்றாக உருண்டை கட்டியது. விதைக்காக இரண்டு செடிகளை அறுக்காமல் விட்டேன். பூக்கவே இல்லை, வெடித்து அழுகிவிட்டன. போலி விதையா?

விதைமேல் குற்றமில்லை. கோல்டன் ஏக்கர், கோபன்ஹேகன் மார்க்கெட் என்ற பழைய டென்மார்க் ரகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. வீரிய ஒட்டு ரகம் அல்ல. ஆனால் முட்டைக்கோஸ் இரண்டாண்டுப் பயிர். முதலாண்டு இலைகளைச் சுருட்டி உணவைச் சேர்த்துவைக்கும். குளிர்காலம் ஒன்றைக் கடந்த பிறகே பூந்தண்டு விடும். அதற்கு 10 டிகிரிக்கும் கீழே 6 முதல் 8 வாரம் தொடர்ந்து குளிர வேண்டும். பாலக்கோட்டு மார்கழியில் நாம்தான் போர்வை தேடுகிறோம், கோஸுக்கு அது குளிரே அல்ல. ஓசூர், தளிக் குளிரும் போதாது. இதன் விதையை இமாச்சலத்தின் குலு, காஷ்மீர் போன்ற இடங்களில் எடுப்பது அதனால்தான்.

ஒருவேளை பூத்தாலும் ஒற்றைச் செடியை நம்ப முடியாது. தன் மகரந்தத்தைப் பெரும்பாலும் தானே ஏற்காது. பக்கத்தில் காலிஃபிளவரோ நூல்கோலோ பூத்திருந்தால் அதனுடன் கலந்துவிடும். கத்தரி, அவரையில் வீட்டு விதை எடுப்பதுபோல இதிலும் எடுக்கலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். ஈரம் படாமல் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் வாங்கிய விதையே மூன்று, நான்கு ஆண்டு முளைக்கும். கடலைத் தாண்டி வந்த இந்தப் பயிருக்கு "நாட்டு கோஸ்" என்று பெயர் வைத்து அதிக விலை சொல்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

கேள்வி: அரூரில் மாசியில் விதைத்தேன். இலை மட்டும் விரிகிறது, உருண்டை பிடிக்கவில்லை.

உருண்டை கட்ட 15 முதல் 20 டிகிரி சுகமானது. நீங்கள் அதைச் சித்திரை வெயிலில் கட்டச் சொல்கிறீர்கள்! அரூர், தருமபுரி பக்கம் ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசிக்குள் விதையுங்கள். மார்கழியில் உருண்டை இறுகும். ஓசூர் மேட்டில் இவ்வளவு கறார் தேவையில்லை.

கேள்வி: குழித்தட்டில் நாற்று நூலாக நீண்டு சாய்கிறது.

வெளிச்சம் போதவில்லை. அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து, முளை தெரிந்த அன்றே காலை வெயிலுக்கு மாற்றுங்கள். தண்டு தரையோடு கருகி விழுந்தால் அது நாற்றழுகல், தண்ணீரைக் குறையுங்கள். நான்கைந்து இலை வந்ததும், ஏறத்தாழ 25 முதல் 30 நாளில், ஒன்றரை அடி இடைவெளியில் நடலாம்.

கேள்வி: தேன்கனிக்கோட்டையில் இலையெல்லாம் சல்லடை. மருந்து அடிக்காமல் வழி உண்டா?

வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவாகத்தான் இருக்கும். சுற்றுவட்டாரமெல்லாம் கோஸ் வயல்; உங்கள் பத்துச் செடி அதற்குக் கூடுதல் விருந்து. நடுவதற்குப் பதினைந்து நாள் முன்பே ஓரத்தில் கடுகு விதையுங்கள், தாய்ப்பூச்சி கடுகில் முட்டையிட விரும்பும். ஆனால் அந்தக் கடுகை அப்படியே விட்டால் புழுவுக்கு நீங்களே பண்ணை வைத்த கணக்கு. அதில் 5 சத வேப்பங்கொட்டைக் கரைசலைத் தவறாமல் தெளியுங்கள். கோஸ் இலையின் அடிப்பக்கத்தைத் தினமும் காலையில் திருப்பிப் பாருங்கள். பத்துச் செடிக்குக் கையால் பொறுக்குவதே போதும்.