வேலை டென்ஷனால் மாரடைப்பு வருவது பெரிய அதிகாரிகளுக்குத்தானா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் நடந்தது தலைகீழ்.

லண்டனில் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. ஒரே ஊர், ஒரே முதலாளி, யாரும் பட்டினி கிடப்பவர் இல்லை. அப்படியும் கடைநிலையில் இருந்த பியூன், வாயில்காப்போர் போன்றோர் இதய நோயால் இறக்கும் விகிதம், உச்சியில் இருந்த அதிகாரிகளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. படிக்கட்டுபோல, பதவி இறங்க இறங்க ஆபத்து ஏறியது. "சிகரெட் பிடித்திருப்பார்கள்" என்று உடனே தோன்றும். கீழ்நிலையில் அந்தப் பழக்கம் அதிகம்தான். ஆனால் புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தும் பெரும்பகுதி வித்தியாசம் அப்படியே நின்றது.

1985-இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் ஒரு முக்கியக் காரணம் தெரிந்தது: தன் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று தானே முடிவெடுக்கும் உரிமை இல்லாமை. வேலைப்பளு மட்டும் அல்ல. பளு இருந்து பிடி இல்லாததுதான் கெடுதல். இதனால் அட்ரினலின், கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன்கள் அடிக்கடி உயர்ந்து, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறி, ரத்தக் குழாய்ச் சுவர் மெல்ல மெல்லக் கெடுகிறது.

அதற்காக அதிகாரிகள் நிம்மதியாக இருக்கலாம் என்றில்லை. வேலை நேரம் தனிக் கணக்கு. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35–40 மணி நேரக்காரர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல் என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து சொல்லின.