பின் சீட்டில் தூங்கும் குழந்தை: ஹூஸ்டனுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். குழந்தை தூங்கினால் காரிலேயே விட்டுவிட்டு, கடைக்குள் ஓடிப் பால் மட்டும் வாங்கி வரலாமா என்பது ஒன்று. 'இறங்கும்போது பின் சீட்டைப் பாருங்கள்' என்று டேகேரில் காகிதம் கொடுத்திருக்கிறார்கள், பெற்ற பிள்ளையை யாராவது மறப்பார்களா என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்கு ஒரே பதில்: வேண்டாம். நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெயிலுக்கு மேல் இன்னும் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தை உடம்பு நம் உடம்பைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். டெக்சாஸ் சட்டப்படி, 7 வயது நிரம்பாத பிள்ளையைத் துணைக்கு 14 வயதாவது ஆன ஒருவர் இல்லாமல் 5 நிமிடத்துக்கு மேல் காரில் விட்டால் குற்றம். அந்த ஐந்து நிமிடத்தைச் சலுகையாக நினைக்காதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு என் கதையைச் சொல்கிறேன். என் மகளுக்கு அப்போது பத்து மாதம். தினமும் மனைவிதான் டேகேரில் விடுவாள். அன்று அவளுக்கு வேறு வேலை, நான் கூட்டிப்போனேன். குழந்தை தூங்கிவிட்டாள். பின்பக்கம் பார்த்து மாட்டிய சீட் என்பதால் கண்ணாடியில் சீட்டின் முதுகுதான் தெரியும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி. டேகேருக்குத் திரும்பும் சிக்னலைத் தாண்டி, ஆபீஸ் பார்க்கிங்கில் நிறுத்தி, என் பக்கக் கதவையும் திறந்துவிட்டேன். அப்போதுதான் அவள் தும்மினாள். இன்று அவள் காலேஜ் போகிறாள். அந்தத் தும்மலை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்கும்.

ஆக, மறப்பார்கள். பழகிய வழியில் ஓட்டும்போது மூளை அந்தப் பழக்கத்திலேயே போய்விடும், 'இன்று டேகேர்' என்ற புது ஞாபகம் அமுங்கிப்போகும். தூக்கம் கெட்ட நாள், வழக்கம் மாறிய நாள் என்றால் இன்னும் மோசம். 1998 முதல் பார்த்தால் அமெரிக்காவில் வருடத்துக்குச் சராசரியாக 37 குழந்தைகள் இப்படிக் கார் சூட்டில் இறக்கிறார்கள். பாதிக்கு மேல் மறந்து விடப்பட்ட குழந்தைகள். மாநிலங்களில் டெக்சாஸில்தான் அதிகம்.

அதனால் ஞாபகத்தை நம்பாதீர்கள். ஆபீஸ் பேட்ஜையும் பையையும் குழந்தை பக்கத்தில் வையுங்கள், அதை எடுக்காமல் ஆபீஸுக்குள் போக முடியாது. குழந்தை வராத நாளிலும் பின் கதவைத் திறந்து பார்த்துவிட்டே பூட்டுங்கள். புது கார்களில் பின் சீட்டை நினைவூட்டும் மணி இருக்கிறது. பல கார்களில் அதற்குத் தெரிவது பின் கதவு திறந்தது மட்டும்தான், உள்ளே குழந்தை இருப்பது தெரியாது.

நடக்கத் தொடங்கியபின் பிள்ளைகள் தாங்களே காரில் ஏறி மாட்டிக்கொள்வதும் உண்டு. வீட்டு வாசலில் நின்றாலும் காரைப் பூட்டி, சாவியை உயரத்தில் வையுங்கள். பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் காரையும் டிக்கியையும் பாருங்கள்.

அப்புறம், ஜூனில் அம்மா வருவதாக எழுதியிருந்தீர்கள். 'கால் வலிக்கிறது, நான் காரிலேயே இருக்கேன், நீ போய்ட்டு வா' என்பார்கள். வயதானவர்களுக்கும் இந்தச் சூடு ஆபத்துதான். பின் கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் அவர்களால் உள்ளிருந்து திறக்கவும் முடியாது. கையோடு உள்ளே கூட்டிப்போய் ஒரு நாற்காலி கேட்டு உட்கார வையுங்கள்.

திங்கட்கிழமை டேகேரில் ஒன்று கேட்டுவிடுங்கள். ஒன்பது மணிக்குள் குழந்தை வரவில்லை என்றால் உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் உடனே போன் செய்யச் சொல்லுங்கள்.