காடிஸ் படை கப்பலேறியிருந்தால்? தென் அமெரிக்க விடுதலைப் போர்கள்: கேள்வி பதில்

ஸ்பெயின் ஆட்சிக்கு எதிரான தென் அமெரிக்க விடுதலைப் போர்கள் வேறு விதமாக முடிந்திருக்குமா என்பது பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எனக்குப் பழக்கமான காலம் 1780 முதல் 1826 வரை. ஒரே வேண்டுகோள்: எந்த ஆண்டில், எந்த நிகழ்ச்சி மாறியது என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: வெனிசுவேலாவின் விடுதலைத் தலைவர் பொலிவார் முன்பே இறந்திருந்தால் விடுதலை கிடைத்திருக்குமா?

நீங்கள் ஆண்டைச் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். 1815 டிசம்பர் 10, ஜமைக்காவின் கிங்ஸ்டன். பொலிவாரைக் கொல்ல அவருடைய பணியாளையே விலைக்கு வாங்கியிருந்தார்கள். தொங்குபடுக்கையில் உறங்கியவரை அவன் இருட்டில் குத்தினான். இறந்தது பொலிவார் அல்லர், அவருக்காகக் காத்திருந்தபடியே அங்கு படுத்துவிட்ட நண்பர் ஃபெலிக்ஸ் அமெஸ்தோய்.

அன்று கத்தி சரியான ஆள்மேல் பாய்ந்திருந்தாலும் தெற்கில் எதுவும் மாறியிருக்காது. அர்ஜென்டினாவின் மென்டோசாவில் விடுதலைத் தளபதி சான் மார்ட்டின் தன் படையைத் திரட்டிக்கொண்டிருந்தார். 1817 பிப்ரவரியில் ஆண்டிஸைக் கடந்து சிலியின் சாக்காபுக்கோவில் அவர் வென்றே இருப்பார். வடக்கில், வெனிசுவேலாவில், பாயஸ், பியார் என்ற விடுதலைத் தளபதிகள் இருந்தார்கள். ஆனால் மழைக்காலத்தில் வெள்ளக்காடான சமவெளியைத் தாண்டி, பிஸ்பா பனிமேட்டில் ஏறி, நியூ கிரனாடாவின் (இன்றைய கொலம்பியா) முதுகில் அடிக்கும் துணிச்சல் அவர்களுக்கு வந்திருக்குமா? வந்திருக்காது என்பதே என் கணிப்பு. 1819-இன் போயாகா வெற்றி இல்லாமல் விடுதலை பல ஆண்டுகள் தள்ளிப்போயிருக்கும். வெனிசுவேலாவையும் நியூ கிரனாடாவையும் இணைத்த பெருங்கொலம்பியா என்ற நாடு பிறந்தே இருக்காது.

கேள்வி: 1806-இல் பிரிட்டிஷார் புவெனஸ் ஐரிஸில் நிலைத்திருந்தால்?

பிரிட்டிஷ் தளபதி பெரெஸ்ஃபோர்டிடம் இருந்தவர்கள் சுமார் 1600 பேர். ஊர் மக்களுக்கு அவர் விடுதலை வாக்குறுதி எதையும் தரவில்லை; லண்டன் அதற்கு அதிகாரம் அளிக்கவும் இல்லை. வேறொரு ராஜாவுக்குப் பணிய ஊரார் ஏன் சம்மதிக்க வேண்டும்? அந்த வாக்குறுதி மட்டும் வந்திருந்தால் கதை வேறு.

கேள்வி: பிரேசில்?

போர்ச்சுகல் அரச குடும்பம் 1807 நவம்பர் 29 அன்று லிஸ்பனிலிருந்து கப்பலேறியது. மறுநாள் பிரெஞ்சுப் படை நகருக்குள் நுழைந்தது. காற்று இன்னும் இரண்டு நாள் எதிராக வீசியிருந்தால் இளவரசர் ஜோவாவும் ஸ்பெயின் ராஜாவைப் போல நெப்போலியனின் கைதி. பிரேசில் ஒரே நாடாக நின்றிருக்கும் என்று நான் நம்பவில்லை.

கேள்வி: 1820 ஜனவரி 1 அன்று ஸ்பெயின் படை அதிகாரி ரியேகோ கலகம் செய்யாமல் இருந்திருந்தால்? ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தில் காத்திருந்த இருபதாயிரம் பேர் புவெனஸ் ஐரிஸ் அமைந்த லா பிளாட்டா ஆற்றுக் கரையில் இறங்கியிருப்பார்களே, ஐயா. அடுத்த மாதமே செபேடாவில் மாகாணப் படைகளிடம் தோற்றுப் புவெனஸ் ஐரிஸ் அரசு கவிழ்ந்தது. ஊர் ஸ்பெயினிடம் விழுந்திருக்காதா?

இப்படித்தான் கேட்க வேண்டும். ஆண்டு இருக்கிறது, நிகழ்ச்சி இருக்கிறது, எதிராளியின் நிலையும் இருக்கிறது. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள்: அந்தப் படை எந்தத் துறைமுகத்தில் இறங்கும்? எதிர்க்கரைத் துறைமுகமான மான்டிவிடியோ 1817 முதல் போர்த்துகீசியர் கையில். 1815-இல் ஸ்பெயின் தளபதி மொரில்யோவின் படையைக்கூட முதலில் லா பிளாட்டாவுக்கு அனுப்பவே எண்ணினார்கள். 1814-இலேயே மான்டிவிடியோ புவெனஸ் ஐரிஸ் வசமானதால்தான் அதை வெனிசுவேலாவுக்குத் திருப்பினார்கள்.

கப்பல்களையும் பாருங்கள். ரஷ்யாவிடம் வாங்கிய போர்க்கப்பல்களில் பல உளுத்துப்போனவை. முகாமில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. 1818-இல் பெருவுக்குப் புறப்பட்ட ஸ்பெயின் கப்பல் தொடரில் ‘டிரினிடாட்’ என்ற கப்பலின் வீரர்கள் நடுக்கடலில் அதிகாரிகளைக் கொன்றுவிட்டுப் புவெனஸ் ஐரிஸில் போய்ச் சேர்ந்தார்கள். தொடரின் சங்கேதங்களையும் கூடுமிடத்தையும் ஒப்படைத்தார்கள். விளைவு, காவலுக்கு வந்த போர்க்கப்பல் ‘மரியா இசபெல்’ சிலியின் தால்காவானோ துறைமுகத்தில் சிலியர் வசம். ரியேகோ இல்லாவிட்டாலும் இந்த மனநிலை அந்தப் படைக்குள் இருந்தது.

அதே வாசகர்: போர்த்துகீசியர் துறைமுகத்தைத் திறந்துவிட்டிருக்கலாமே?

அந்தக் கரையைப் பிடித்ததற்காகவே ஸ்பெயின் அவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. திறந்திருக்க மாட்டார்கள்.

இன்னொருவர்: அப்படியானால் ரியேகோவால் ஒன்றுமே மாறவில்லை என்கிறீர்கள்.

இல்லவே இல்லை! மாறிய இடம் தெற்கு அல்ல, வடக்கு. கலகத்தால் ஸ்பெயினில் வந்த புதிய அரசு, மொரில்யோவுக்குத் துணைப்படை அனுப்பாமல் பேச்சு நடத்தச் சொன்னது. 1820 நவம்பரில் வெனிசுவேலாவின் ட்ருஹில்யோவில் போர் நிறுத்தம். அடுத்த ஜூனில் கராபோபோவில் பொலிவாரின் வெற்றி. காடிஸ் படையின் கால்வாசி கராகஸுக்குப் போயிருந்தாலே கராபோபோ நடந்திருக்காது. புவெனஸ் ஐரிஸையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

கேள்வி: 1812 கராகஸ் நிலநடுக்கத்தில் பொலிவார் இறந்திருந்தால்?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பொலிவார் ஹைட்டிக்கே போகாமல் இருந்திருந்தால்?

மீண்டும் பொலிவார். ஒரு மனிதரை நீக்கிப் பார்ப்பதை விட்டு, யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று கேளுங்கள். 1814-இல் வெனிசுவேலக் குடியரசை அழித்தவர்கள் கப்பலில் வந்தவர்கள் அல்லர், ஸ்பெயின் பக்கம் நின்ற போவெஸின் பின்னால் திரண்ட அந்நாட்டுக் குதிரை வீரர்கள். இருபுறமும் நின்றவர்களில் பெரும்பாலோர் தென் அமெரிக்க மண்ணில் பிறந்தவர்கள்.

கேள்வி: 1816-இல் புவெனஸ் ஐரிஸ் தளபதி பெல்கிரானோ சொன்ன இன்கா முடியாட்சி அமைந்திருந்தால்?

பெருவிலுள்ள பழைய இன்கா நகரான குஸ்கோவைத் தலைநகராக்கி இன்கா வம்சத்தவரை அரசராக்கலாம் என்று டுக்குமான் மாநாட்டில் அவர் சொன்னபோது குஸ்கோ எதிரி கையில். 1780-இல் பெருவில் கலகம் செய்த இன்கா வம்சத்தவர் டூபாக் அமாருவின் தம்பி ஹுவான் பவுடிஸ்டா, வட ஆப்பிரிக்காவின் சேவுட்டாவில் ஸ்பெயினின் கைதி. எனவே 1816-இல் வழியில்லை.

1814-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் குஸ்கோ தானே எழுந்தது. தலைவர்களில் ஒருவர் புமகாவா. 1781-இல் ராஜாவின் பக்கம் நின்று டூபாக் அமாருவை எதிர்த்தவர், இப்போது ராஜாவுக்கு எதிராக வாளெடுத்தார். லா பாஸ், அரெக்கிபா இரண்டும் அவர்கள் கைக்கு வந்தன. ராஜவிசுவாசப் படைத்தளபதி பெசுவேலா, அவர்களை அடக்க ராமிரெஸின் கீழ் ஒரு பிரிவை அனுப்ப வேண்டியதாயிற்று. அப்போது அர்ஜென்டினாவின் வடக்கே ஹுஹுயில் இருந்த தளபதி ரொண்டோவின் புவெனஸ் ஐரிஸ் படை அசையவில்லை. 1815 மார்ச் 11 அன்று உமாச்சிரியில் புமகாவா தோற்ற பிறகு வடக்கே போய் என்ன பயன்? 1814 டிசம்பரிலேயே ரொண்டோ மேல் பெருவுக்குள் (இன்றைய பொலிவியா) நுழைந்திருந்தால் பெசுவேலா இரண்டு நெருப்புக்கு நடுவில் சிக்கியிருப்பார். அடுத்த கோடையில் பெல்கிரானோவின் அரசருக்குத் தலைநகர் தயாராக இருந்திருக்கும். இதை வைத்து யாராவது விரிவாகக் கேட்டால் பக்கம் பக்கமாக எழுதத் தயார்.