கனகபுரா பக்கம் மரவீடு: ஃபிளாட் மேல் டாப்-அப் போட்டுக் கட்டலாமா?

கேள்வி: நானும் மனைவியும் பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கிறோம். எனக்கு 43, அவளுக்கு 40. மகள் ஒன்பதாவது, மகன் நாலாவது படிக்கிறார்கள். இருவர் சம்பளமும் சேர்ந்து கையில் மாதம் ரூ.1.95 லட்சம் வருகிறது. பானஸ்வாடி ஃபிளாட்டின் இஎம்ஐ 31,000 உட்பட செலவு ரூ.1.20 லட்சம். எஃப்டி 18 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 22 லட்சம் இருக்கிறது. 2022-ல் கனகபுரா தாண்டி 20 குண்டே விவசாய நிலம் வாங்கினோம். அதில் 1,000 சதுர அடியில் முழுக்க மரத்திலேயே வீடு கட்ட ஆசை. ஒரு கம்பெனியில் கேட்டால் 42 லட்சம் என்றார்கள். அப்பா செங்கோட்டையில் மர வாடியில் 35 வருஷம் இருந்தவர். ஊரிலிருந்து இரண்டு ஆசாரிகளைக் கூட்டிவந்து நாமே கட்டினால் 28 லட்சத்தில் முடிக்கலாம் என்கிறார். ஃபிளாட் மேல் டாப்-அப் லோன் (இருக்கும் வீட்டுக் கடனுக்கு மேல் வங்கி தரும் கூடுதல் கடன்) வாங்கிக் கட்டி, வார இறுதிகளில் ஹோம்ஸ்டேவாக விட்டு இஎம்ஐ கட்டலாம் என்று திட்டம். அப்பா தன்னிடம் உள்ள 6 லட்சத்தையும் தருகிறேன் என்கிறார். சரிவருமா?
- வாசகர், பானஸ்வாடி, பெங்களூரு

பதில்: ஹோம்ஸ்டே வருமானத்தை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கர்நாடக நில வருவாய்ச் சட்டம் 1964-ன் 95-வது பிரிவுப்படி, கன்வர்ஷன் (வேறு உபயோகத்துக்கு மாற்றும் அனுமதி) செய்யாத விவசாய நிலத்தில் பண்ணை வீடு கட்டலாம். ஆனால் நிலத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான், வணிகத்துக்கு வாடகைக்கு விடக்கூடாது. 20 குண்டேயில் 10 சதவீதம் 2 குண்டே, அதாவது 2,178 சதுர அடி. ஆக வீட்டின் அளவு இடிக்காது, வாடகைதான் இடிக்கும். டிசி, அதாவது மாவட்ட ஆட்சியரிடம் கன்வர்ஷன் வாங்கினால் நிலைமை வேறு. ஆனால் அதற்குக் காசும் மாதங்களும் ஆகும், அதை உங்கள் 28 லட்சத்தில் காணவில்லை.

வாடகை இல்லையென்றால் கடனை உங்கள் சம்பளம்தான் சுமக்கவேண்டும். 28 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி, 15 வருடம் என்று வைத்தால் இஎம்ஐ சுமார் ரூ.28,400. பழைய 31,000-ஐயும் சேர்த்தால் மாதம் 59,400. வட்டியாக மட்டும் 23 லட்சத்துக்கு மேல் போகும். உங்களுக்கு மாதம் 75,000 மிஞ்சுகிறதே, சமாளித்துவிடுவீர்கள். என் கவலை அது இல்லை. மகள் கல்லூரிக்குப் போகும் வருஷம் இந்த இஎம்ஐ மூன்று வயசுக் குழந்தையாக உங்கள் இடுப்பில் உட்கார்ந்திருக்கும். இடையில் ஒருவருக்கு வேலை போனால் வங்கி கைவைக்கப்போவது பானஸ்வாடி ஃபிளாட்டில்.

பிள்ளைகள் தூங்கும் வீட்டை அடமானம் வைத்து, அவசரத்துக்கு விற்கமுடியாத வீட்டைக் கட்டுகிறீர்கள். விற்கமுடியாது என்று ஏன் சொல்கிறேன்? கன்வர்ஷன் ஆகாத நிலத்தில் நிற்கும் மரவீட்டை வாங்க வருபவருக்கும் சுலபத்தில் ஹோம் லோன் கிடைக்காது. முழுப் பணத்தோடு வருபவர் நிலத்துக்குத்தான் விலை பேசுவார்.

காப்பீட்டில் இதைவிட வேடிக்கை. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 2021 ஏப்ரலிலிருந்து விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் ‘கச்சா’ கட்டடம் எது என்று ஒரு விளக்கம் இருக்கிறது. சுவரோ கூரையோ மரப்பலகையால் ஆனதென்றால் அது கச்சா. ஓலைக் குடிசை, மூங்கில், தார்ப்பாய் எல்லாம் அதே வரிசையில்தான். அப்பா பார்த்துப் பார்த்து இழைத்த வீடும் அந்த ஏட்டில் குடிசைதான். அதற்காகக் காப்பீடு எடுக்காமல் விடாதீர்கள். விண்ணப்பத்தில் ‘மரச்சுவர்’ என்று ஒளிக்காமல் எழுதி, பிரீமியம் கூடினாலும் கட்டுங்கள். மறைத்துவிட்டால் தீப்பிடித்த பிறகுதான் சர்வேயர் அதைக் கண்டுபிடிப்பார்.

இவ்வளவு சொன்னாலும், கட்டவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 35 வருஷம் மரத்தோடு இருந்தவர் வீட்டிலேயே இருக்கிறார். இந்த வாய்ப்பு பத்து வருஷம் கழித்து இருக்குமா தெரியாது. ஆகவே கட்டுங்கள், ஆனால் இதை முதலீடு என்று எண்ணாதீர்கள். மகள் கல்யாணத்துக்குச் செலவு செய்வதுபோல, திரும்பி வராத பணம் என்று எண்ணி எவ்வளவு ஒதுக்கமுடியுமோ அவ்வளவுக்குக் கட்டுங்கள்.

அது எவ்வளவு? 18 லட்சம் எஃப்டியில் ஆறு மாதச் செலவு 7 லட்சத்தை அவசரத்துக்கு விட்டால் மீதி 11 லட்சம். மாத மிச்சத்தில் பாதியை ஒதுக்கினால் வருடத்துக்கு 4.5 லட்சம். இரண்டு வருடத்தில் 20 லட்சம், கடனே இல்லாமல். மியூச்சுவல் ஃபண்டைத் தொடாதீர்கள், அது மகளின் கல்லூரி. ஒரே வருடத்தில் மொத்தமாக எடுத்தால் பங்கு ஃபண்டு லாபத்தில் 1.25 லட்சத்துக்கு மேல் 12.5 சதவீத வரி வேறு.

அடுத்து அளவு. 25-க்கு 40 அடி வீட்டில் வெளிச்சுவர் சுற்றளவு 130 அடி. 9 அடி உயரம், 6 அங்குலக் கனம் என்றால் வெளிச்சுவருக்கே 585 கன அடி. கதவு ஜன்னல் கழித்து, உள்சுவர், கூரை, சேதாரம் சேர்த்தால் 880 வரை போகும். கன அடி 1,100 ரூபாய் என்று வைத்தால் மரம் மட்டும் 9.7 லட்சம், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 11.4 லட்சம். இதையே 18-க்கு 25, அதாவது 450 சதுர அடியில் ஒரு பெரிய அறை, சமையல் மூலை, குளியலறை என்று சுருக்கினால் 480 கன அடி போதும். ஜிஎஸ்டியோடு 6.2 லட்சம். 1,100 என்பது என் கணக்குக்காக வைத்த விலை. மைசூர் ரோடு நியூ டிம்பர் யார்டு லேஅவுட்டில் அப்பாவை நடக்கவிட்டால் சரியான விலை ஒரே நாளில் தெரிந்துவிடும். வாங்கும் மரத்தின் இனத்தில் சந்தேகம் வந்தால் மல்லேஸ்வரம் 18-வது கிராஸில் மத்திய அரசின் மர அறிவியல் நிறுவனம் இருக்கிறது. ஒரு துண்டைக் கொண்டுபோய்க் கேளுங்கள்.

நீங்களே கட்டுவதில் ஒரு நல்ல லாபம் உண்டு. பொருளோடு சேர்த்து ஒரு கான்ட்ராக்டரிடம் விட்டால் மொத்த பில்லுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி. பொருளை நீங்கள் வாங்கி, தனி வீட்டுக்கு வெறும் கூலி கான்ட்ராக்ட் மட்டும் கொடுத்தால் அந்தக் கூலிக்கு ஜிஎஸ்டி கிடையாது.

இரண்டு வருடமாகப் பிரிக்கச் சொல்வதில் மரத்துக்கும் நன்மைதான். முதல் வருடம் போர்வெல், மின் இணைப்பு, செப்டிக் டேங்க், தரையிலிருந்து இரண்டரை அடி உயர்த்திய கல் அஸ்திவாரம், அதற்கடியில் கறையான் மருந்து. மரத்தையும் அப்போதே வாங்கி, நிழலில் இடைக்கட்டை வைத்து அடுக்கிவிடுங்கள். ஈரம் காயாத மரத்தை அடுக்கிச் சுவர் எழுப்பினால் 9 அடிச் சுவர் சில அங்குலம் இறங்கும், கதவும் ஜன்னலும் சிக்கிக்கொள்ளும். இது அப்பாவுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கறையானைப் பற்றி மட்டும் சொல்வேன். ஹொஸ்கோட்டேயில் நான் ஆசையாகப் போட்ட பைன் மரத் திண்ணை இரண்டே மழைக்காலத்தில் தவிடானது, மருந்துக்கு ஆன செலவை மிச்சப்படுத்தியதால். கட்டி முடித்த பிறகும் வெளிச்சுவருக்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எண்ணெய்ப் பூச்சு வேண்டும். அதற்கு மாதம் 2,000 தனியாக எடுத்து வையுங்கள்.

மரத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. பத்திரம், பஹணி (நில உரிமைப் பதிவேடு), மியூட்டேஷன் (பெயர் மாற்றப் பதிவு) மூன்றையும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அந்த சர்வே நம்பர் எப்போதாவது அரசு தாழ்த்தப்பட்ட, பழங்குடிக் குடும்பத்துக்கு வழங்கிய நிலமா என்று குறிப்பாகக் கேளுங்கள். அப்படியென்றால் 1978-ம் வருடச் சட்டப்படி விற்பனையே செல்லாமல் போகலாம். 2023 திருத்தத்துக்குப் பிறகு நிலத்தைத் திரும்பக் கேட்பதற்குக் காலக்கெடுவும் கிடையாது. பொடி (சர்வே நம்பரைப் பிரித்து அளப்பது) ஆகி உங்கள் 20 குண்டேக்குத் தனி எண் விழுந்திருக்கிறதா, ‘பி கராப்’ (பாதை, ஓடை போன்ற பொது உபயோக நிலம்) ஏதும் உள்ளே வருகிறதா, பன்னேருகட்டா தேசியப் பூங்காவைச் சுற்றிய சூழல் உணர்திறன் மண்டலத்துக்குள் விழுகிறதா என்பதையும் பாருங்கள். வாங்கி இத்தனை வருஷம் ஆனபிறகு இதெல்லாமா என்று தோன்றும். இப்போது பார்த்தால் போவது வக்கீல் ஃபீஸ் மட்டும்.

கடைசியாக அப்பாவின் 6 லட்சம். வாங்காதீர்கள். அவர் பெயரிலேயே தபால் அலுவலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் கைக்கு வட்டி வரும். வீட்டுக்கு அவர் பங்கு என்று கேட்டால், ஆசாரிகளோடு கூலி பேசும் வேலையை முழுக்க அவரிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் பேசினால் ஐடி சம்பளம் என்று கூட்டித்தான் கேட்பார்கள்.